பத்து சென்டிமீட்டர்



இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. கேட்டவன், ஞாயிற்றுக்கிழமைத் துணைப்பாட வகுப்புக்கு வரும் ஒரு தம்பி. உயர்நிலை மூன்றில் படிக்கிறான். போன மாதம் கணிதப் பயிற்சித் தாளை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணா, இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது? மத்தவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. எனக்கு லேட் ஆயிடுச்சு," என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அதே வாரம் அதே வாக்கியத்தை நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 23. பலதுறைத் தொழிற்கல்லூரி, அதன் பிறகு இரண்டு வருஷம் தேசிய சேவை, இப்போதுதான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தொடக்கப்பள்ளியில் என்னோடு படித்த பெண்கள் சிலர் வேலைக்கே போய்விட்டார்கள். நானோ வெப்ப இயக்கவியல் பாடத்தில் தேறாமல், அதை மறுபடி எடுப்பதா, படிப்பையே மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆள் அந்தத் தம்பிக்கு என்ன புத்தி சொல்வது? "அடுத்த வாரம் பேசலாம்டா," என்று சமாளித்து அனுப்பினேன்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு பதில் வேண்டும். அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு ஜப்பானியப் பெண்

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது கினுவே ஹிதோமி என்ற ஓட்ட வீராங்கனையைப் பற்றி. 1907-இல் ஒக்காயாமாவில் பிறந்தவர். ஒசாகாவில் ஒரு நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தவர். 1928 ஆம்ஸ்டர்டம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குத் திடல்தடப் போட்டிகள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. ஹிதோமி பெரிதாக நம்பியிருந்தது 100 மீட்டரை. அதில் அரையிறுதியோடு வெளியேறினார். ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்ற நிலை. அப்போது அவர் எடுத்த முடிவு ஆச்சரியமானது. அதுவரை போட்டியில் ஓடியே பார்க்காத 800 மீட்டரில் இறங்கினார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி இறுதிச் சுற்றில் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1931-இல் அதே ஆகஸ்ட் 2-ஆம் தேதி, 24 வயதில் நோயால் இறந்துபோனார்.

இன்னொரு விஷயமும் நடந்தது. பந்தயம் முடிந்ததும் சில பெண்கள் களைத்துப்போனதைக் காரணம் காட்டி, இவ்வளவு தூரம் பெண்களுக்கு ஆகாது என்று சொல்லி, 800 மீட்டரையே பெண்களுக்கான ஒலிம்பிக் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-இல் ரோம் நகரில்தான். ஒருத்தி ஓடிக் காட்டியது மட்டும் போதவில்லை. அந்த வழியைத் திறந்து வைத்திருக்க வேறு ஆட்களும் தேவைப்பட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரவு சாப்பாட்டின்போது இந்தக் கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். பொங்கோலில் எங்கள் வீட்டுக்கு அவர் குடிவந்து பத்து வருஷம் ஆகிறது. ஆனால் மனசு இன்னும் அவர் வளர்ந்த ரேஸ்கோர்ஸ் ரோட்டில்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு ஜப்பான் வரைக்கும் ஏன்டா போறே? நம்ம குணாளன் இங்கேதானே ஓடுனாரு. ஃபேரர் பார்க் திடல்ல சாயங்காலம் போனா பார்க்கலாம். நான் வேலிக்கிட்ட நின்னு பார்த்திருக்கேன்."

பெயர் தெரியும். பள்ளியில் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அவரைப் பற்றி நமக்கு நிஜமாகவே என்ன தெரியும்? எனக்கு ஒரு வரிக்கு மேல் தெரியவில்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

யார் இந்தக் குணாளன்?

கனகசபை குணாளன் 1942 அக்டோபர் 23-ஆம் தேதி மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தார். தொழில், பள்ளி ஆசிரியர். விளையாட்டு, காற்பந்து. சின்ன வயதிலிருந்தே ஓட்டப்பந்தயத்துக்காக வளர்க்கப்பட்டவர் இல்லை. வேகவோட்டத்தை முறையாகக் கற்கத் தொடங்கியதே இருபது வயதை எட்டிய பிறகுதான். வேகவோட்டத்தில் பலர் பள்ளியிலேயே பெயர் வாங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இவர் 'லேட்'.

இவர் காற்பந்து விளையாடும்போது வேகத்தைக் கவனித்தவர் டான் எங் யூன். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் களமிறங்கியவர், பிறகு பயிற்றுவிப்பாளர். பந்தைத் துரத்தும் அந்த இளைஞனைத் தடத்துக்கு அழைத்து வந்தவர் இவர்தான்.

அங்கிருந்து நடந்தது மளமளவென்று நடந்தது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் பகுதி. அதனால் குணாளன் மலேசிய அணியில் போனார். அதே அணியில் இன்னொரு தமிழ்ப் பெயரும் இருந்தது: மணி ஜெகதீசன். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். அடுத்த வருஷம், 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, சிங்கப்பூர் தனி நாடானது. ஒரே அணியில் இருந்த இரண்டு பேரும் இப்போது இரண்டு நாட்டுக்காரர்கள்.

1966 டிசம்பர், பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி. 100 மீட்டர் இறுதிச் சுற்றில் அந்த இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். கண்ணால் பார்த்து யார் முதல் என்று சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு.

1968 அக்டோபர், மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். 26-ஆவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தன. குணாளன் முதல் சுற்றைத் தாண்டிக் காலிறுதிக்குப் போனார். அந்த ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை ஓடிய நேரம் 10.38 வினாடி. அது சிங்கப்பூரின் தேசியச் சாதனை. 1968, 1969 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

முழுநேர விளையாட்டு வீரர், மாதச் சம்பளத்தோடு பயிற்சி என்பதெல்லாம் அன்று இல்லை. வேலைக்குப் போக வேண்டும், வந்து ஓட வேண்டும்.

ஒரு நூற்றில் ஒரு பங்கு

இனி கொஞ்சம் கணக்கு. பொறியியல் மாணவனைக் கட்டுரை எழுதச் சொன்னால் இந்தத் தண்டனையும் உண்டு.

முதலில் அந்தப் புகைப்படம். நாம் கைப்பேசியில் எடுக்கும் படம் மாதிரி இல்லை அது. முடிவுக்கோட்டுக்கு நேராக ஒரு கேமரா. அதில் ஒரு மெல்லிய இடுக்கு. அந்த இடுக்கின் வழியே முடிவுக்கோடு மட்டும்தான் தெரியும். ஃபிலிம் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் படத்தில் இடமிருந்து வலம் தெரிவது இடம் இல்லை, நேரம். எந்த ஓட்டக்காரர் எந்தக் கணத்தில் கோட்டைத் தொட்டார் என்பதை அந்த ஒரே படத்திலிருந்து அளந்து சொல்லிவிடலாம். கை, கால், தலை எது முன்னால் நீண்டாலும் கணக்கில் வராது. உடம்பின் நடுப்பகுதி எப்போது கோட்டை எட்டுகிறது என்பதுதான் கணக்கு.

அடுத்து நேரம். கையில் நிறுத்தக் கடிகாரம் வைத்து அளந்தால், துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகும். அதனால் கைக்கணக்கில் நேரம் குறைவாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட 100 மீட்டருக்குக் கைக்கணக்கோடு 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். குணாளனின் 10.38 மின்னணு முறையில் அளந்தது. இரண்டு தசம இடம் வரை உறுதியான எண்.

அந்தச் சாதனை எத்தனை வருஷம் நின்றது தெரியுமா? 33 வருஷம். 2001-இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் யு. கே. ஷியாம் 10.37 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். சாதனை உடைந்தது. வித்தியாசம் ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு.

100 மீட்டரை 10.38-ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் வினாடிக்கு 9.6 மீட்டர். அப்படியானால் 0.01 வினாடியில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையை விரித்து அதன் அகலத்தைப் பாருங்கள். சுமாராக அவ்வளவுதான். ஒரு நாடு அந்த உள்ளங்கை அகலத்தைத் தாண்ட 33 வருஷம் ஆனது. வருஷத்துக்கு மூன்று மில்லிமீட்டர்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, வேகவோட்டக்காரர்களுக்கு எதிர்ப்பும் குறைவு. கரித்தடத்துக்குப் பதிலாகச் செயற்கைத் தடம் போட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். கோலாலம்பூரில் அந்த உயரம் கிடையாது. ஆகவே ஷியாம் செய்தது எண்ணில் தெரிவதைவிடப் பெரிய காரியம். இதைச் சொல்வதால் குணாளன் குறைந்துபோக மாட்டார். அதே மெல்லிய காற்றில், அதே தடத்தில் இன்னும் பல நாட்டவர் ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள்.

இந்த மூன்று மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். யாரோ ஒருவர் பதினாறு வயதில் ஓடி வந்து தோற்றிருப்பார். இன்னொருவர் 10.5 ஓடிவிட்டு, போதும் என்று வேலைக்குப் போயிருப்பார். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவர்கள் யாருமே ஓடாமல் இருந்திருந்தால் ஷியாம் யாரோடு பயிற்சி எடுத்திருப்பார்?

ஃபேரர் பார்க்கில் ஒரு மாலை

சனிக்கிழமை தாத்தாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பொங்கோலில் ஊதா நிற வழித்தட ரயிலில் ஏறினால் மாற வேண்டியதே இல்லை, நேராக ஃபேரர் பார்க் நிலையம். தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்க எத்தனையோ முறை இறங்கிய நிலையம்தான். சிராங்கூன் சாலைப் பக்கம் ஏறினால் பெருமாள் கோயில். இந்த முறை திடலுக்கு நடந்தோம். முன்னொரு காலத்தில் இங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ்கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால்தான் வந்தது. பந்தயம் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

தாத்தா புல்லைப் பார்த்தபடி நின்றார். சிலர் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் ஓடுறப்போ நீங்க கைதட்டுனீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"பயிற்சிக்கு யாருடா கைதட்டுவா? திரும்பத் திரும்ப அதே தூரம். ஓடுவாங்க, நடந்து திரும்பி வருவாங்க, மறுபடி ஓடுவாங்க. பார்க்கிற நமக்கே சலிச்சுப் போகும். பக்கத்துல ஒருத்தர் கடிகாரத்தை வெச்சிக்கிட்டு நிப்பார். அவருக்கும் சலிக்காது."

நான் எதிர்பார்த்தது வேறு. பெரிய வெற்றிக் கதை ஒன்றைத் தாத்தா சொல்வார் என்று நினைத்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது கடிகாரத்தோடு நின்ற ஆள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளும் நான் குணாளனின் கதையை "லேட்டா ஆரம்பிச்சாலும் ஜெயிக்கலாம்" என்று படித்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. இருபது வயதுக்கு மேல் தொடங்குகிற எல்லோரும் ஒலிம்பிக் போக மாட்டார்கள். தம்பியிடம் அப்படிச் சொன்னால் அது பொய். அவருக்குப் பிறவியிலேயே வேகம் இருந்தது. ஆனால் அந்த வேகம் அதற்கு முன்பும் அவரிடம் இருந்ததே! காற்பந்துத் திடலில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? பார்த்துவிட்டு "நல்லா ஓடுறான்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவர் மட்டும் நின்று, கூப்பிட்டு, பிறகு கடிகாரத்தோடு காத்திருந்தார். டான் எங் யூன் சீனர், குணாளன் தமிழர். திறமையைப் பார்த்தவர் அதை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கவில்லை.

குணாளன் பிறகு என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். ஓட்டத்தை நிறுத்திய பிறகு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பணியில் பல வருஷங்கள் விரிவுரையாளராக இருந்தார். அவர் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் நாட்டின் பள்ளித் திடல்களுக்குப் போனார்கள். கடிகாரத்தோடு நிற்பவராக அவரே மாறினார். 10.38 என்ற எண் 2001-இல் உடைந்தது. ஷியாமின் 10.37-ஐயும் 2023-இல் மார்க் பிரையன் லூயிஸ் தாண்டிவிட்டார். எண் என்றால் ஒரு நாள் உடையத்தான் வேண்டும், அதற்காகத்தானே எழுதி வைக்கிறோம். சொல்லிக் கொடுத்தது மட்டும் ஆள் மாறி ஆள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நம் காலத்திலும் சாட்சி உண்டு. சாந்தி பெரேரா 2015-இல், 18 வயதில், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றார். அடுத்த தங்கம் 2022-இல் ஹனோயில்தான். நடுவில் ஏழு வருஷம். "அவ்வளவுதான், முடிஞ்சது" என்று சொல்ல அது போதுமான காலம். 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம், 100 மீட்டர் வெள்ளி. ஆசிய விளையாட்டுகளின் திடல்தடப் போட்டியில் 1974-க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

தம்பிக்குச் சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி போன வாரத்து அதே தாளைக் கொண்டுவந்திருந்தான், காலியாக.

நான் முதலில் என் கதையைச் சொன்னேன். "நான் ஒரு பாடத்துல ஃபெயில்டா. மறுபடி எடுக்கப்போறேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன்கள் ஃபெயில் ஆவார்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. பிறகு குணாளனைப் பற்றிச் சொன்னேன். உள்ளங்கையை விரித்து 10 சென்டிமீட்டரைக் காட்டினேன். "லேட்டா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னைக்கு ஒரு கணக்கு போடலாம். நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

ஒரு கணக்கு போட்டான். தப்பு. மறுபடி போட்டான். மூன்றாவது முறை சரியாக வந்தது. அவ்வளவுதான். பின்னணியில் இசை எதுவும் ஒலிக்கவில்லை. நான்காவது கணக்கை அவனாகவே ஆரம்பித்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அன்று இரவு அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டு விழுந்தது. பிறகு தோசையும் விழுந்தது. வெப்ப இயக்கவியலை அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்கிறேன். தேறுவேனா என்பது அப்போது தெரியும்.

நண்பர்களே, நமக்கு முன்னோடிகள் என்றாலே முதலில் ஓடியவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறார். ஹிதோமி ஓடினார். ஆனால் அந்த 800 மீட்டர் வழியை மூடிவிட்டார்கள், திறக்க 32 வருஷம் ஆனது. குணாளன் ஓடினார். அவருக்கு முன்னால் ஒருவர் நின்று பார்த்தார், அவருக்குப் பின்னால் அவரே நின்று பலருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓடுவதற்கு வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. நின்று பார்ப்பதற்கு அமையும். உங்கள் புளோக்கில், உங்கள் வகுப்பில், காலியான தாளோடு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

வகுப்பில் கலந்து பேச

1. உங்களிடம் இருந்த ஒரு திறமையை முதலில் கவனித்துச் சொன்னவர் யார்? அவருக்கு அதை எப்போதாவது தெரிவித்திருக்கிறீர்களா?

2. "லேட் ஆயிடுச்சு" என்று நீங்கள் ஒதுக்கி வைத்த ஒன்றை எழுதுங்கள். அதில் இந்த வாரம் நகர்த்தக்கூடிய மூன்று மில்லிமீட்டர் எது?

3. 1966-இல் வெள்ளியோடு திரும்பிய குணாளனுக்கு அடுத்த நாள் பயிற்சிக்கு வர எது உதவியிருக்கும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

4. நம் துணைப்பாட வகுப்புக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். கடிகாரம் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார முடியுமா?